குற்றம் சாட்டப்பட்ட கார்டு

'வீடியோ மெமரி போதவில்லை' என்று கேமிங் கம்ப்யூட்டர் புலம்பினால் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது கிராஃபிக்ஸ் கார்டைத்தான். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே நடத்த வேண்டிய விசாரணை ஒன்று இருக்கிறது.

2024-ன் தொடக்கத்தில் பல நாடுகளில் விலை உயர்ந்த கேமிங் கம்ப்யூட்டர்களின் திரையில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்து நின்றது. படம் வரைவதற்கு வேண்டிய வீடியோ மெமரி தீர்ந்துவிட்டது என்பது அதன் சாரம். அடுத்த நொடி விளையாட்டு மூடிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இப்படிப் புலம்பிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருந்தது என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090. 24 ஜி.பி. மெமரி உள்ள கார்டு. இந்தியாவில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல் விலை போனது. அதன் மெமரியை நிரப்பக்கூடிய விளையாட்டு அபூர்வம். அந்த ஜனவரியில் வெளியான டெக்கென் 8-ம் அப்படிப்பட்டதல்ல.

சொந்தக்காரர்கள் வழக்கமான வைத்தியம் எல்லாம் பார்த்தார்கள். டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். விண்டோஸை மறுபடி நிறுவினார்கள். சிலர் கார்டையே மாற்றினார்கள். புது கார்டிலும் அதே ஒப்பாரி. கடைசியில் பிடிபட்டது கார்டே அல்ல. அதே பெட்டிக்குள் சாதுவாக உட்கார்ந்திருந்த பிராசஸர். இன்டெல்லின் 13 மற்றும் 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் வேகமான ரகங்கள்.

பிராசஸரின் தவறு கார்டின் தலையில் விழுந்தது எப்படி? இன்றைய விளையாட்டுகள் ஹார்டு டிஸ்கில் சுருக்கி மடிக்கப்பட்ட நிலையில் இருக்கின்றன. ஒளி, நிழல், தண்ணீரின் மினுமினுப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஷேடர்கள் எனப்படும் சின்னச் சின்ன நிரல்களும் அப்படித்தான். விளையாட்டு தொடங்கும்போது அவற்றைப் பிரித்துக் கார்டுக்கு அனுப்புவது பிராசஸரின் வேலை. அதன் எல்லாக் கோர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும் நேரம் அது. அந்தக் கணக்கில் ஓரிடத்தில் பிசகினாலும் பிரிக்கப்பட்ட சரக்கு குப்பையாகிவிடும். குப்பையை வாங்கிக்கொண்ட நிரல், என்ன நடந்தது என்று புரியாமல், தனக்குத் தெரிந்த காரணத்தை எடுத்து நீட்டுகிறது: மெமரி இல்லை. விளையாட்டுகள் பரவலாகப் பயன்படுத்தும் ஊடில் என்ற சுருக்கும் சாஃப்ட்வேரைத் தயாரிக்கும் ராட் நிறுவனம், பழுது தங்கள் சாஃப்ட்வேரில் இல்லை, பிராசஸரில் இருக்கிறது என்று முதலிலேயே விளக்கம் கொடுத்தது. 2024 ஏப்ரலில் என்விடியாவும் இதே பிழை வருகிற இன்டெல் வாடிக்கையாளர்களை இன்டெல்லிடம் போகச் சொன்னது.

இன்டெல் காரணத்தைச் சொல்லி முடிக்க ஜூலை ஆனது. பிராசஸர் தனக்கு வேண்டியதைவிட அதிக மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி, நாளடைவில் உள்ளேயே தேய்ந்துபோகிறது என்பதுதான் விஷயம். ஆகஸ்டில் ஒரு மைக்ரோகோடு திருத்தம் வந்தது, செப்டம்பரில் இன்னொன்று. இவை இனிமேல் தேயாமல் தடுக்கும் மருந்துகள். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட பிராசஸரை இவை குணப்படுத்தாது.

லட்ச ரூபாய் கார்டுக்காரர்கள் கதை இது என்று ஒதுக்கிவிட முடியாது. டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று எந்த மார்க்கெட்டிலும் கேமிங் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு ஆயிரத்தையும் எண்ணிக் கொடுப்பவர்கள். கல்லூரிச் சேர்க்கையை ஒட்டி அப்பா வாங்கிக் கொடுத்தது, முதல் வேலையின் முதல் மூன்று மாதச் சம்பளத்தில் தேறியது, மாதத் தவணையில் வந்தது. அந்தப் பெட்டி திரையில் 'மெமரி போதவில்லை' என்று எழுதிக் காட்டினால், கடையில் கிடைக்கும் பதிலும் ஒரே வரிதான்: கார்டு மாத்தணும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கார்டு விற்றால் அவருக்கு லாபம் உண்டு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பழுதைக் கண்டுபிடித்தால் அதற்குக் கூலி கொடுக்க யாரும் தயாராக இல்லை.

2025 இறுதியில் இந்தத் தவறான தீர்ப்பின் விலை இன்னும் ஏறியது. செயற்கை அறிவு கம்ப்யூட்டர் கூடங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போக, சாதாரண ராம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பழக்கமான தனது குரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. மெமரி தங்கமாகும் காலத்தில், இல்லாத பற்றாக்குறைக்காகப் புது கார்டு வாங்குவது கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுவதுதான்.

விசாரணையைத் தொடங்குமுன் சம்பந்தப்பட்ட ஆளைப் பற்றிக் கொஞ்சம். கிராஃபிக்ஸ் கார்டின் நடுவே இருக்கும் பெரிய சிப்பைச் சுற்றிக் கறுப்பு வில்லைகளாகப் பதிந்திருப்பவைதான் வீடியோ மெமரி. ஆர்.டி.எக்ஸ். 4060-ஐ எடுத்துக்கொண்டால், 2 ஜி.பி. வில்லைகள் நான்கு. மொத்தம் 8 ஜி.பி. நடுவிலிருக்கும் சிப்புக்கும் இவற்றுக்கும் இடையே விநாடிக்கு 272 ஜி.பி. வேகத்தில் போக்குவரத்து நடக்கிறது. சுவர்களின் கரடுமுரடு, சட்டையின் நெசவு, கதாநாயகனின் முகத்துச் சுருக்கம் என்று திரையில் தெரியும் ஒவ்வொரு மேற்பரப்பின் படமும் இந்த வில்லைகளில்தான் தயாராகக் காத்திருக்கும்.

எட்டும் நிரம்பிவிட்டால்? விண்டோஸ் கைவிரிப்பதில்லை. கம்ப்யூட்டரின் பொது ராமிலிருந்து, அதிகபட்சம் அதில் பாதிவரை, கார்டுக்கு இரவல் கொடுக்கிறது. ஆனால் அந்த இரவல் மதர்போர்டின் ஸ்லாட் வழியாக வந்து சேர வேண்டும். 4060 போன்ற கார்டுக்கு அந்தப் பாதையின் கொள்ளளவு விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜி.பி. பழைய மதர்போர்டாக இருந்தால் 8. மொட்டை மாடித் தொட்டி வற்றியதும் தெருமுனைக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வருவது போன்ற நிலைமை. குழாயில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அது வந்து சேரும்வரை குளியலறையில் சோப்புப் போட்டவர் காத்திருக்க வேண்டும். திரையில் இது திக்கலாகத் தெரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் காட்சி அரை நொடி நின்று, பிறகு துள்ளி ஓடும். சுவர்கள் சேறு பூசியது போல் மங்கலாக வந்து, பிறகு தெளியும்.

ஆக, பற்றாக்குறைக்கு முகவரி திக்கல். சட்டென்று செத்து விழுவதோ திரையில் வண்ணக் கட்டங்கள் சிதறுவதோ பெரும்பாலும் வேறு ஆசாமியின் கைவரிசை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு வேண்டிய சாட்சி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ஜி.பி.யூ. என்ற தலைப்பின் கீழ் இரண்டு கோடுகள் ஓடும். ஒன்று 'டெடிகேடட்', அதாவது கார்டின் சொந்த மெமரி. இன்னொன்று 'ஷேர்டு', அதாவது இரவல். 2017-ல் வந்த விண்டோஸ் 10 திருத்தத்திலிருந்து இந்த வசதி உண்டு, காலணா செலவில்லை. விளையாட்டைச் சின்ன ஜன்னலில் ஓடவிட்டுப் பக்கத்தில் இதைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். சொந்த மெமரி விளிம்பைத் தொட்டு, இரவல் கோடு ஏறத் தொடங்கும் அதே நேரத்தில் காட்சி திக்கினால் பற்றாக்குறை நிஜம். சொந்த மெமரி பாதிகூட நிரம்பாத நேரத்தில் விளையாட்டு செத்தால் கார்டின் கொள்ளளவு நிரபராதி. கோடு நிரம்பியிருப்பது மட்டும் ஆதாரமாகாது என்பதையும் சொல்ல வேண்டும். நிறைய விளையாட்டுகள் கல்யாண வீட்டில் நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, தேவைக்கு மேலேயே மெமரியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இதே பக்கத்தில் இன்னொரு கூத்தும் சில நேரம் அம்பலமாகும். புத்தம் புதிய 8 ஜி.பி. கார்டு பொருத்திய கம்ப்யூட்டரில், விளையாட்டு 'இந்தக் கம்ப்யூட்டரில் 128 எம்.பி. மெமரிதான் இருக்கிறது' என்று அடம்பிடிக்கும். காரணம் கேபிள். மானிட்டரின் ஒயரைக் கார்டில் செருகாமல், சற்று மேலே மதர்போர்டில் இருக்கும் அதே மாதிரியான துளையில் செருகியிருப்பார்கள். இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் பகுதி படம் காட்டிக்கொண்டிருக்கும். முப்பதாயிரம் ரூபாய் கார்டு கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். புது மேஜைக்கு மாற்றியபோது, வெள்ளையடிக்கப் பெட்டியை நகர்த்தியபோது என்று இது நடக்க ஆயிரம் சந்தர்ப்பங்கள்.

பற்றாக்குறை நிஜம்தான் என்று தெரிந்த பிறகும் உடனே பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை. மெமரியை அதிகம் தின்பது டெக்ஸ்ச்சர் என்ற அமைப்பு. அதை 'அல்ட்ரா'விலிருந்து 'ஹை'க்கு இறக்கினால் கணிசமான இடம் காலியாகும். பெரும்பாலான விளையாட்டுகளில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ரே டிரேசிங்கை அணைத்தால் இன்னும் கொஞ்சம். பின்னால் திறந்து கிடக்கும் பிரௌசர்கூட வீடியோ மெமரியில் பங்கு கேட்கும். சில நேரம் குற்றம் விளையாட்டைத் தயாரித்தவர்களுடையது. 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கம்ப்யூட்டருக்கு வந்தபோது 8 ஜி.பி. கார்டுகளில் அது பட்ட பாடு பெரிய ரகளையானது. அடுத்தடுத்து வந்த திருத்தங்களுக்குப் பிறகு அதே கார்டில் அதே விளையாட்டு மரியாதையாக ஓடியது. முதல் நாளே ஆத்திரப்பட்டுக் கார்டை மாற்றியவர்களுக்குப் பணம்தான் நஷ்டம்.

விண்டோஸிலும் ஒரு பொறி உண்டு. ஹார்டு டிஸ்கில் இடம் மிச்சம் பிடிக்கவோ வேகம் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பியோ, பேஜ் ஃபைல் என்ற வசதியைச் சிலர் நிறுத்தி வைத்திருப்பார்கள். ராம் தீரும்போது விண்டோஸ் சாய்ந்துகொள்ளும் சுவர் அது. அது இல்லாவிட்டால், கார்டில் இடமிருந்தும் மெமரி இல்லை என்ற பிழை வரும். பழையபடி 'விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிட்டால் போதும்.

கொள்ளளவு விஷயத்தில் கார்டு கம்பெனிகளும் சுத்தமானவர்களில்லை. 2014 செப்டம்பரில் என்விடியா கொண்டுவந்த ஜி.டி.எக்ஸ். 970-ன் பெட்டியில் 4 ஜி.பி. என்று போட்டிருந்தது. பொய் இல்லை. ஆனால் சில மாதங்களில் விளையாட்டுக்காரர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். மெமரி உபயோகம் மூன்றரை ஜி.பி.யைத் தாண்டத் தயங்கியது. 2015 ஜனவரியில் உண்மை வெளியே வந்தது. மூன்றரை ஜி.பி. விநாடிக்கு 196 ஜி.பி. வேகத்தில் ஓடும்; மிச்சம் அரை ஜி.பி.யின் வேகம் 28 மட்டுமே. அது வாசலைத் தாண்டிய கொல்லைப்புற அறை. போதாக்குறைக்கு, விமர்சகர்களுக்குக் கொடுத்த தொழில்நுட்ப விவரங்களில் இன்னும் சில எண்களும் தவறு. கம்பெனித் தலைவர் ஜென்சன் ஹுவாங் விளக்கக் கடிதம் எழுதினார். வழக்கு 2016-ல் சமரசத்தில் முடிந்தது: அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர்.

ஏ.எம்.டி.யின் கதை வேறு மாதிரி. 4 ஜி.பி. இன்றைய விளையாட்டுகளுக்குப் போதாது என்று 2020-ல் கட்டுரை வெளியிட்டது அந்த நிறுவனம். 2022 ஜனவரியில் அதுவே ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்ற 4 ஜி.பி. கார்டைக் கொண்டுவந்தது. மெமரி குறைவு என்பதோடு, மதர்போர்டுக்குப் போகும் பாதையையும் நான்கு தடங்களாகச் சுருக்கியிருந்தார்கள். புது மதர்போர்டில் சமாளிக்கும். இன்டெல் 10-ம் தலைமுறைக்கோ அதற்கு முந்தையதற்கோ வாங்கிய பழைய மதர்போர்டில் அந்தப் பாதை இன்னும் பாதியாகிவிடும். பட்ஜெட் கார்டை வாங்குகிறவர்தானே பழைய மதர்போர்டு வைத்திருப்பார்? தொட்டியும் சிறிது, குழாயும் ஒடுக்கம். இங்கே பற்றாக்குறைப் புகார் நூற்றுக்கு நூறு நிஜம்.

இதெல்லாம் நியாயமான கம்பெனிகள் செய்கிற வேலை. முழு மோசடியும் உண்டு. 2010-ஐ ஒட்டி வந்த காலாவதியான கார்டின் பயாஸை மாற்றி எழுதி, 'ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ, 4 ஜி.பி.' என்று விண்டோஸையே நம்பவைத்து விற்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் 1 ஜி.பி. அதுவரை விளையாட்டு ஓடும். எல்லையைத் தாண்டியதும் இல்லாத இடத்தில் எழுதப்போய் எல்லாம் சரிந்துவிடும். ஜி.பி.யூ-இசட் என்ற இலவச சாஃப்ட்வேர் 2018 முதல் இப்படிப்பட்ட என்விடியா போலிகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று முத்திரை குத்துகிறது. செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குகிறவர் பணத்தை எண்ணுமுன் அந்தக் கடையிலேயே இதை ஓட்டிப் பார்க்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செகண்ட் ஹேண்ட் என்றதும் வருவது எதீரியம் கார்டுகள். கிரிப்டோ நாணயமான எதீரியத்தைத் தோண்டும் கணக்கு, கார்டின் சிப்பைவிட அதன் மெமரியைத்தான் அதிகம் வாட்டும். மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடிய அந்தக் கார்டுகளுக்கு 2022 செப்டம்பர் 15-ல் ஒரே நாளில் வேலை போனது. எதீரியம் வேறு முறைக்கு மாறிவிட்டது. அதற்குப் பிறகு அவை இந்திய மார்க்கெட்டுகளுக்கும் மலிவு விலையில் வந்து குவிந்தன. இவற்றையெல்லாம் தீண்டத்தகாதவை என்று ஒதுக்குவது அநியாயம். நிதானமான வேகத்தில், நல்ல காற்றோட்டத்தில் ஓடிய கார்டு, தினமும் சூடேறி ஆறும் விளையாட்டுக்காரரின் கார்டைவிட நன்றாகவே இருக்கலாம். கெட்டது இரண்டு விஷயங்களில். ஒன்று, மெமரியை இன்னும் விரட்டுவதற்காகப் பலர் பயாஸைத் திருத்தி எழுதினார்கள்; குறிப்பாக ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 570, 580 கார்டுகளில். தோண்டும் கணக்கில் சின்னப் பிசகு நேர்ந்தால் அடுத்த கணக்கில் சரியாகிவிடும். விளையாட்டில் அது திரையில் புள்ளியாகவும் கோடாகவும் வந்து நிற்கும். அசல் பயாஸைத் திரும்ப எழுதியதுமே பல கார்டுகள் பிழைத்துக்கொள்கின்றன. மெமரி செத்துவிட்டது என்று சொல்லிக் கிலோ கணக்கில் போட்டவற்றில் இப்படி எத்தனை போயிற்றோ.

இரண்டாவது, சூடு. மெமரி வில்லைகளுக்கும் அலுமினிய ஹீட் சிங்குக்கும் நடுவே மெத்தென்ற பட்டை ஒன்று இருக்கும். தெர்மல் பேடு என்று பெயர். வருடக்கணக்கில் வெந்து அது காய்ந்துபோனால் வில்லையின் சூடு வெளியேற வழியில்லை. சிப்பின் வெப்பமானி 70 டிகிரி காட்டி எல்லாம் நலம் என்று சொல்லும். மெமரி தனியாக வெந்துகொண்டிருக்கும். ஆர்.டி.எக்ஸ். 3080, 3090-ல் உள்ள ஜி.டி.டி.ஆர். 6 எக்ஸ் மெமரி 110 டிகிரியைத் தொட்டதும் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 3090-ல் 24 வில்லைகளில் 12 கார்டின் முதுகுப் பக்கம், மின்விசிறியின் காற்று படாத இடத்தில். ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் இந்தக் கார்டுகளின் மெமரி வெப்பத்தைத் தனியாகக் காட்டும். மே மாதத்து நாக்பூரிலோ டெல்லியிலோ ஏ.சி. இல்லாத அறையில் 42 டிகிரி என்றால் கார்டின் கணக்கும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. டிசம்பரில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் கோடையில் மட்டும் தகராறு செய்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்து, ஒரு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பிவிட்டுப் பார்க்கலாம். தகராறு நின்றால் செலவு புது கார்டுக்கு அல்ல, தூசி தட்டுவதற்கும் சில நூறு ரூபாய் தெர்மல் பேடுக்கும்.

வில்லையே பழுதாகிவிட்டதற்கு அடையாளம் வேறு. விளையாட்டு தொடங்கும் முன்பே, கம்ப்யூட்டர் விழித்தெழும் கறுப்புத் திரையிலேயே ஒழுங்கான இடைவெளியில் கோடுகளோ கட்டங்களோ வந்தால், டிரைவர் மீதோ விளையாட்டு மீதோ பழி போட வழியில்லை. புது கார்டிலும் இது நடக்கும், 2018-ல் ஆர்.டி.எக்ஸ். 2080 டிஐ வந்த புதிதில் சோதனையில் தப்பிவிட்ட கார்டுகள் சில வாடிக்கையாளர் கைக்குப் போனதை என்விடியா ஒப்புக்கொண்டது. ஓ.சி.சி.டி. என்ற சாஃப்ட்வேரில் வீடியோ மெமரிக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. வில்லைகளில் எழுதி, திரும்பப் படித்து, மாறியிருந்தால் பிழை என்று எண்ணிச் சொல்லும். நிதானமான வேகத்தில், சூடேறாத நிலையிலும் பிழை வந்தால் கார்டை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

நல்ல சர்வீஸ் ஆட்கள் எந்த வில்லை கெட்டது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் பெயர்த்துவிட்டு வேறு பதிப்பார்கள். இந்தியாவில் இந்தக் கைவேலைக்குப் பஞ்சமில்லை. தவிர்க்க வேண்டியது ஹீட் கன் வைத்தியம். கார்டைச் சூடாக்கினால் உயிர் வரும், உண்மைதான். சில வாரங்களில் மறுபடி போய்விடும் என்பதும் உண்மை. சூட்டில் தற்காலிகமாக ஒட்டிக்கொண்ட இணைப்பு விளையாடும் சூட்டிலேயே மறுபடி விட்டுவிடும். அந்தச் சில வாரங்களுக்குள் கார்டை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுகிறவர்களும் உண்டு. 'ரிப்பேர் செய்தது, சூப்பர் கண்டிஷன்' என்று வரும் கார்டை விலை பேசும்போது இது ஞாபகம் இருந்தால் நல்லது.

கார்டும் தப்பித்து, அமைப்புகளும் சரியாக இருந்தால் மிச்சமுள்ள சந்தேக நபர்கள் மூவர். முதலில் எஸ்.எம்.பி.எஸ். காபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். சீட்டாட்டம் வரைக்கும் தாங்கும். கார்டு ஒரே நொடியில் மின்சாரத்தை இழுக்கும்போது தடுமாறும். பலன், கம்ப்யூட்டர் முழுவதுமாக அணைந்து மறுபடி எழுவது. மெமரிப் பிழையோடு இதுவும் மாறி மாறி வந்தால் கார்டைத் தொடுமுன் வேறு எஸ்.எம்.பி.எஸ். கடன் வாங்கிப் பார்ப்பது மலிவு. இரண்டாவது பொது ராம். பயாஸில் அதன் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை அணைத்துவிட்டு விளையாடிப் பார்க்கலாம். பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட் 86-ஐ ஓர் இரவு ஓடவிட்டால் காலையில் தீர்ப்பு தெரியும். ராமைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்கக் காலைத் துடைத்து மாட்டுகிற நம்மூர் வைத்தியத்தைப் பார்த்துப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். ஈரக்காற்று வீசும் ஊர்களில் அது பலிப்பதும் உண்டு.

மூன்றாவது ஆள் பிராசஸர். விண்டோஸின் ஈவன்ட் வியூவர் என்ற தினசரிக் குறிப்பேட்டில் விளையாட்டு செத்த நிமிடத்தைத் தேடினால் அங்கே தடயம் இருக்கலாம். 'டிஸ்ப்ளே' என்ற பெயரில், டிரைவர் பதில் சொல்லாமல் போய் மீண்டது என்று எழுதியிருந்தால், கார்டு இரண்டு விநாடிக்கு மேல் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். அது விண்டோஸ் கொடுக்கும் கெடு. 'வீயா லாகர்' என்ற பெயரில் பதிவு இருந்தால், பிராசஸர், மதர்போர்டு பக்கம் விசாரணையைத் திருப்ப வேண்டும். இன்டெல் விவகாரத்தில் விளையாட்டுக்காரர்களே கண்டுபிடித்த சோதனை இன்னும் எளிது. பிராசஸரின் உச்ச வேகத்தை 5.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.3-க்கு இறக்கினார்கள். 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற பிழை மாயமாக மறைந்தது. கார்டில் ஒரு எம்.பி.கூடக் கூடவில்லை.

இதிலெல்லாம் கைவைக்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. கார்டைக் கழற்றி, நண்பரின் கம்ப்யூட்டரில் மாட்டி, அதே விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டுவது. அங்கேயும் தகராறு என்றால் கார்டு குற்றவாளி. அங்கே ஒழுங்காக ஓடினால் வீட்டிலிருக்கும் பெட்டிதான் குற்றவாளி. இந்தப் பரீட்சை முடியும்வரை எந்தக் கடையிலும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. லேப்டாப்காரர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை; கார்டு அங்கே பலகையோடு பலகையாகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, சந்தேகம் பிராசஸரில் வந்து நின்றால் இந்திய வாடிக்கையாளர் கவனிக்க வேண்டிய தேதிகள் உண்டு. ஐ-5 13600 கே முதல் ஐ-9 14900 கே.எஸ். வரை பாதிக்கப்பட்ட ரகங்களுக்கு மூன்று வருட வாரன்டியோடு இன்னும் இரண்டு வருடங்களை 2024 ஆகஸ்டில் இன்டெல் சேர்த்துக் கொடுத்தது. 2023 ஜனவரியில் டப்பாவோடு வாங்கியவருக்கு 2028 ஜனவரி வரை அவகாசம் இருக்கிறது. டப்பா இல்லாமல், அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரோடு வந்தது என்றால் விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும். முதலில் மதர்போர்டு கம்பெனியின் புதிய பயாஸைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே பிழை வந்தால் பிராசஸர் தேய்ந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். தேதியோடு கூடிய பில் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது மதர்போர்டின் காலி அட்டைப் பெட்டிக்குள், பரண்மேல் கிடக்கிறது.